பதிவுத் திருமணம்: ஒரு சொல்லும் இரு நாள்களும்

டோபி காட் என்னும் பெயர் துணி வெளுப்போரின் படித்துறை எனப் பொருள்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அவ்விடத்து ஓடையில் துணி வெளுத்தமையால் அப்பெயர் அமைந்தது. அதனை அடுத்துள்ள ஃபோர்ட் கேனிங் குன்றின் ஒரு சரிவில், கேனிங் ரைஸ் சாலையில், சிங்கப்பூர்த் திருமணப் பதிவகம் நெடுங்காலம் இயங்கியது. மற்றொரு பக்கத்தில், டேங்க் ரோட்டில், நகரத்தார் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் நிற்கின்றது. இவ்விரண்டு இடங்களையும் நடந்தே கடந்துவிடலாம். ஆயினும் பதிவக மணத்துக்கும் கோயில் மணத்துக்கும் இடையே சிங்கப்பூர்த் தமிழ் இணையர் பலர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், காத்திருக்கின்றனர். அந்த இடைக்காலத்தில் அவர்கள் மணமானவர்களா, ஆகாதவர்களா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவிற்கு விடை காண்பதைத் தமிழ்ச்சொல் ஒன்றே கடினமாக்கியுள்ளது என நாம் கருதுகிறோம். ‘பதிவு’ என்பது முன்னரே நிகழ்ந்த ஒன்றை ஏட்டில் ஏற்றுவதைக் குறிக்கும். பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் அத்தகையன. தமிழ்நாட்டில் திருமணப் பதிவும் பெரும்பாலும் அவ்வாறே. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, வழக்கமான சடங்குகள் நிறைவேறியவுடன் மணம் முழுமை பெறுகின்றது. அது பதியப்படாமையால் செல்லாததாகிவிடாது. பின்னர் 2009இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. எனினும் அங்குப் பதியப்படுவது முன்பே நிகழ்ந்த மணமே.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்குப் ‘பதிவு’ என மக்கள் வழங்குவதே மணம். 1961 மே மாதம் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம் இம்மாற்றத்தைக் கொணர்ந்தது. அதற்குமுன் இந்துக்களும் சீனரும் தத்தம் வழக்கப்படி மணந்துகொண்டனர். ஆடவர் ஒருவர் பல மனைவியரைக் கொள்வதையும் நீதிமன்றங்கள் ஏற்றன. சீனச் செல்வர் ஒருவரின் சொத்துக்கு உரிமை கோரிய மனைவியரின் வழக்கில் 1908இல் வெளிவந்த தீர்ப்பு இதற்குத் தக்க சான்றாகும். 1952இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மாதர் மன்றமும் அதன் முன்னணியில் நின்ற ஷிரின் ஃபோஸ்தாரும், சட்டமன்றத்தில் சான் சோய் சியோங் போன்றோரும் ஒருதார மணத்தை வலியுறுத்தியதன் பயனாகவே சாசனம் பிறந்தது. முஸ்லிம் திருமணங்கள் தனிச் சட்டத்தின்கீழ் அமைவதால் தமிழ் முஸ்லிம்களின் நிலை இங்கு ஆராயப்படவில்லை.

நடைமுறையில் நான்கு வெவ்வேறு செயல்கள் ‘பதிவு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முதலில் மணத்துக்குக் குறைந்தது 21 நாள்களுக்கு முன் அறிவிப்பு அளித்தல். அடுத்து ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு உறுதிமொழி பெறப்பட்டபின் உரிமம் வழங்கப்படுதல். மூன்றாவதாக, பதிவாளர் அல்லது உரிமம் பெற்ற மணநடத்துநர் முன்னிலையில், இரு சாட்சிகள் காண, இருவரும் தம் இசைவை வாய்மொழியாகக் கூறுதல். இறுதியாகவே ஏட்டில் பதிதலும் சான்றிதழ் வழங்கலும். இவற்றுள் மணத்தை உண்டாக்குவது மூன்றாவது செயலே. உரிமமின்றியோ, அதிகாரம் பெறாத ஒருவராலோ நடத்தப்படும் மணம் செல்லாது. ஐயர் ஓதி, நாதசுரம் முழங்கி, ஆயிரம் பேர் அட்சதை தூவிய மணமும் இதற்கு விலக்கன்று.

தொல்காப்பியக் கற்பியல் மணச்சடங்கைக் ‘கரணம்’ என்கிறது. பொய்யும் வழுவும் தோன்றியபின் அது வகுக்கப்பட்டது என்றும் காரணம் கூறுகின்றது. மூன்றாம் செயலுக்கு அச்சொல்லை வழங்கலாம் என்பது எம் பரிந்துரை. அலுவலக மொழிபெயர்ப்பாளர்கள் இதனை ஏற்பார்களா என்பது வேறு செய்தி. குறைந்தது வகுப்பறையிலேனும் ‘மணம் நடத்துதல்’, ‘மணத்தைப் பதிதல்’ எனும் வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தலாம்.

இணையர் பதிவகத்துக்கு முதலில் செல்வதற்கு வீடு ஒரு முதன்மைக் காரணம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்கீழ், மணமுடிக்கவிருக்கும் இருவர் புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சாவி பெற்ற மூன்று மாதங்களுக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டவேண்டும். கோயில் மண்டபமும் முகூர்த்த நாளும் அத்தகைய காலக்கெடுவுக்கு இசைந்து கிடைப்பதில்லை. ஆகவே ‘ஆர்.ஓ.எம். முடிந்துவிட்டது, கல்யாணம் தை மாதத்தில்’ என்பது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இயல்பாகக் கேட்கும் கூற்றாயிற்று. இக்கூற்றில் ‘கல்யாணம்’ என்பது இன்னும் நிகழாத ஒன்று. பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். உறவினர் அவளை மணப்பெண் என்பரேயன்றி மனைவி என்னார்.

சட்டத்தின் கணக்கோ அன்றே தொடங்கிவிடுகிறது. மணமாகுமுன் எழுதிய உயில் பொதுவாக அந்நாளிலேயே செயலற்றுப்போகும். மத்திய சேம நிதிக்குச் செய்த நியமனமும் நீங்கும். தாயைப் பெறுநராகக் குறித்திருந்த மகன், தாலி கட்டுமுன் விபத்தில் இறப்பின், புதிய நியமனம் இல்லாத நிலையில் அந்நிதி பழைய படிவத்தின்படி தாய்க்குச் செல்லாது. வாரிசுரிமைச் சட்டப்படியே பகிரப்படும். மணப்பெண் அங்கு மனைவியாகப் பங்கு பெறுவாள். இதனை அறிந்து கையொப்பமிடுவோர் சிலரே.

இடைக்காலத்தில் மனம் மாறினால் இடர் மேலும் பெரிது. குடும்பத்தார் ‘நிச்சயம் முறிந்தது’ என்பர். சட்டமோ மணவிலக்குக் கேட்கும். மணமாகி மூன்றாண்டுகள் நிறைவுறுமுன் பொதுவாக அதற்கு மனுச்செய்ய இயலாது. எனினும் நீதிமன்றங்கள் இவ்விடைக்காலத்தைக் காணாமல் விட்டுவிடவில்லை. 1972இல் இங்கிலாந்தில், பதிவக மணத்துக்குப்பின் குருத்வாரா சடங்குக்கு ஏற்பாடு செய்ய மறுத்த சீக்கிய மணமகனின் செயல், இல்லறம் தொடங்க வேண்டுமென்றே மறுத்தலுக்கு ஒப்பானது எனத் தீர்ப்பாயிற்று. 1993இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீன இணையர் வழக்கொன்றில் இதே வழியில் சென்றது. மரபுச் சடங்கு நிறைவேறும்வரை கணவன் மனைவியாய்க் கூடி வாழ்வதில்லை என்னும் உடன்பாடு சட்டத்துக்கு முரணன்று. அச்சடங்கை ஒருவர் மறுப்பின் மற்றவர் மணத்தை நீக்கும் தீர்ப்பைப் பெறலாம். சாசனம் முன்வாயிலில் நிறுத்திய சடங்கு இவ்வாறு பின்வாயில் வழியே நீதிமன்றத்துக்குள் நுழைந்தது எனலாம்.

இதே காலகட்டத்தில் சென்னை மாநிலம் எதிர்த்திசையில் நடந்தமை ஒப்புநோக்கத்தக்கது. சாத்திரச் சடங்கற்ற சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் ஒரு வழக்கில் கூறியது; வழக்காடியோர் நகரத்தார் சமூகத்தவர். அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொணர்ந்த திருத்தம், மாலை மாற்றலோ மோதிரம் அணிவித்தலோ தாலி கட்டலோ போதும் என்றது; முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. அங்குச் சடங்கின் எல்லையை விரித்துச் சிக்கலைத் தீர்த்தனர். இங்குச் சடங்கிலிருந்து சட்டத்தைப் பிரித்துத் தீர்த்தனர். மலேசியா மூன்றாவது வழியைக் கண்டது. 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் கோயில் பூசகரையே துணைப் பதிவாளராக நியமிக்க இடமளிக்கின்றது. சிங்கப்பூரிலும் உரிமம் பெற்ற மணநடத்துநரைக் கோயிலுக்கே அழைத்து இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். வீட்டின் காலக்கெடு நெருக்காதவர்க்கு அதுவே நல்வழி என்பது எம் கருத்து.

தமிழ்நாட்டில் மணந்து சிங்கப்பூர் வருவோர்க்கு இன்னொரு குழப்பம் நேர்கின்றது. அங்கு முறைப்படி மணந்தவர் இங்கு மீண்டும் மணக்க வேண்டியதில்லை, மணக்கவும் இயலாது. அங்குப் பெற்ற சான்றிதழே ஆவணம். இந்தியா 2005இலும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16 முதலும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இணைந்தமையால் சான்றளிப்பு எளிதாயிற்று. பெயர்களோ இன்னும் எளிதாகவில்லை. ஒரு தாளில் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக, சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘இன்னாரின் மகன்’ என ஒருவரே மூவராகத் தோன்றுவதுண்டு. விண்ணப்பிக்குமுன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

1961க்கு முன் வழக்கப்படி மணந்த முதியோரையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். அன்று செல்லுபடியான அவர்தம் மணங்கள் பதியப்பட்டனவாகவே கருதப்படும் எனச் சாசனம் உரைக்கின்றது. ஆனால் கையில் சான்றிதழ் இருப்பதில்லை. கணவர் இறந்தபின் மனைவி தன் உரிமையை மெய்ப்பிக்க, மஞ்சள் மங்கிய அழைப்பிதழும் பழைய ஒளிப்படமும் உறவினர் வாக்குமூலமும் தேடவேண்டியதாகும். 2022 சூலை 1 முதல் சிங்கப்பூர்த் திருமணச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில் வழங்கப்படுகின்றது. அழைப்பிதழ்கள் மட்டும் இன்றும் முகூர்த்த நாளையே அச்சிடுகின்றன. படிவங்களில் ‘திருமண நாள்’ என்னும் கட்டத்தில் எழுத வேண்டிய நாள் அதுவன்று.