கரவன் வண்டியும் தாய்நாட்டுத் தொலைக்காட்சியும்

நத்தை தன் ஓட்டைச் சுமந்துகொண்டு ஊர்வது போல, வீட்டையும் உடன்கொண்டு யாத்திரை செய்யும் மனிதர் ஐரோப்பாவிற் பலர் உளர். மோட்டார் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படும் அச்சிறு வீட்டுக்குக் கரவன் என்று பெயர். கட்டில், மேசை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் அடக்கம். இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் ஜெர்மனியிலும் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர், மாரிக் குளிர் தொடங்கியதும் இவ்வீட்டை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுவது வழக்கம். 2014 ஆம் ஆண்டுக்கு முன்னர், ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கரையிலே, அலிகாந்தே, பெனிடோர்ம் முதலிய ஊர்களை அடுத்த திடல்களுக்குத் தை மாதத்திற் சென்று பார்த்தவர், வரிசை வரிசையாக நின்ற வெண்ணிறக் கரவன்களைக் கண்டிருப்பர். அவற்றுட் பலவற்றின் பக்கத்திலே ஒரு முக்காலி. முக்காலியின் மேல் ஒரு வட்டத் தட்டு. தட்டுக்கள் யாவும் ஏறக்குறையத் தென்கிழக்கு வானையே நோக்கியிருக்கும்.

அத்தட்டுக்களின் வழியே இறங்கி வந்தது ஸ்பெயின் நாட்டு ஒளிபரப்பு அன்று. பயணி விட்டுவந்த தாய்நாட்டின் தொலைக்காட்சி. ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் வண்டி ஓட்டி வந்து, கடலையும் வெயிலையும் பின்னால் வைத்துவிட்டு, தன் ஊர்ச் செய்தியைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கா இவ்வளவு சிரமம் என்று நகைப்பாரும் உண்டு. நகைப்பதற்கு இடமுண்டுதான். எனினும், நான்கு மாதம் அந்நிய மண்ணில் வாழும் எழுபது வயது மனிதரின் மாலைப்பொழுதை எண்ணிப் பார்த்தால் நகைப்புச் சற்று அடங்கும். அயலில் வழங்கும் மொழி அவருக்குத் தெரியாது. இருள் விரைவிற் கவிகிறது. பேரப்பிள்ளைகள் வாழும் ஊரிலே பனி விழுந்ததா, ஆறு பெருகியதா என்று அறிய ஆவல் எழுகிறது. ஸ்பெயின் நாட்டுக் கடிகாரம் இங்கிலாந்துக் கடிகாரத்துக்கு ஒரு மணி முந்தியது. ஆதலால் ஆறு மணிச் செய்தியை ஏழு மணிக்குப் பார்ப்பார். அந்த ஒரு மணி வேறுபாடு ஒன்றைத் தவிர, அவ்வேளையில் அவர் தம் வீட்டுக் கூடத்தில் இருப்பவரே ஆவார்.

தொலைக்காட்சிக்கு முன்னே இப்பணியைச் செய்தது வானொலி. பிரான்சில் முகாமிட்ட ஆங்கிலேயர், பி.பி.சி. நீளலையில் 198 கிலோஹேட்ஸ் எண்ணில் நடத்திய ஒலிபரப்பை நெடுங்காலம் கேட்டு வந்தனர். வானிலை அறிக்கையும் கிரிக்கெட் வருணனையும் அதன் வழியாகவே அவர்களை எட்டின. நீளலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து செல்லும். சிற்றலை வானத்து மின்மண்டலத்தில் மோதித் திரும்பும். இரண்டும் எல்லைக் காவலரை அறியா. இலங்கை வானொலி 1950 ஆம் ஆண்டுகளிலே பாக்குநீரிணையைக் கடந்து இந்தியாவெங்கும் கேட்கப்பட்டது இவ்வியல்பினாலேயே என்பதை நேயர்கள் அறிவர். தொலைக்காட்சி அலையோ அத்தகையது அன்று. கோபுரத்திலிருந்து புறப்படும் அது ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்வதால், அடிவானத்துக்கு அப்பால் எட்டுவது அரிது. அதனைத் தொலைதூரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் கோபுரத்தை விண்ணிலே நாட்ட வேண்டும்.

விண்ணிலே கோபுரம் நாட்டும் கருத்தை 1945 ஒக்டோபரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் கொழும்பிலேயே காலமான அதே கிளார்க்தான். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தான் சுற்றும் அதே வேகத்திற் சுற்றுமாதலால், தரையில் நிற்பவருக்கு அது வானில் அசையாது நிற்பதாகவே தோன்றும். 1975 இல் இந்தியா தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியே தொலைக்காட்சி காட்டும் பரிசோதனையைத் தொடங்கியபோது, கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் ஒரு தட்டு அமைக்கப்பட்டது. இலங்கையில் ஒளிபரப்புத் தொடங்கியதோ 1979 இலேதான். சொந்தத் தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்னரே பிறநாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்த வீடு ஒன்று கொழும்பில் இருந்தது என்பது சுவையான செய்தி அன்றோ!

பிரித்தானிய ஒளிபரப்புக்களைத் தாங்கும் அஸ்ட்ரா என்னும் செய்மதிகள் கிழக்குத் தீர்க்கரேகை 28.2 பாகைக்கு நேர்மேலே நிற்கின்றன. லண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அவை அடிவானத்துக்கு மேல் 25 பாகை உயரத்திலும், அலிகாந்தேயிலிருந்து பார்ப்பவருக்கு 36 பாகைக்குச் சற்று மேலும் இருக்கும். ஆகவே வீட்டுக் கூரையில் ஒரு முறை பூட்டிய தட்டை மறந்துவிடலாம். கரவன் பயணியோ வண்டி நிறுத்தும் ஒவ்வோர் ஊரிலும் தட்டைப் புதிதாகத் திருப்ப வேண்டியவராகிறார். அவர் முதலிற் செய்வது, திடலுக்குள் நுழைந்ததும் தென்கிழக்கே மரம் நிற்கின்றதா என்று பார்ப்பதாகும். வெயிற்காலத்தில் எல்லாரும் மரநிழலைத் தேடுவர். இவரோ நிழலை விட்டுத் திறந்த வானைத் தேடுவார். பைன் மரத்தின் ஒரு கிளை குறுக்கே நின்றாலும் அலை தடைப்படும். மழையில் நனைந்த இலை மேலும் தடுக்கும். நிழலா, தொலைக்காட்சியா என்பதிற் கணவனுக்கும் மனைவிக்கும் உண்டாகும் சிறு பிணக்கு எந்தத் திடலுக்கும் புதிதன்று.

இடம் அமைந்த பின் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தி, திசைகாட்டியைக் கையிற் பிடித்து, தட்டை மெல்ல மெல்லத் திருப்புவார். அறுபது சென்ரிமீற்றர்த் தட்டு இரண்டு பாகை விலகினாலும் படம் மறைந்துவிடும். தட்டின் முன்னே நீண்டிருக்கும் சிறு வாங்கியையும் சற்றுச் சுழற்றிச் சரிசெய்தல் வேண்டும். தேசம் மாறுந்தோறும் அலை சாய்ந்து வரும் கோணமும் மாறும். இது தெரியாத புதியவர் முதலிற் பிடிப்பது பெரும்பாலும் ஜெர்மன் ஒளிபரப்பாகவே இருக்கும். அதனைத் தாங்கும் செய்மதிகள் 19.2 பாகையில், சிறிது மேற்கே நிற்கின்றன. ஒருவர் வெளியே நின்று தட்டைத் திருப்ப, மற்றொருவர் உள்ளே திரையைப் பார்த்து, "வந்தது, போய்விட்டது, திரும்பவும் கொஞ்சம்" என்று கூவுவதே தொன்றுதொட்டு வந்த முறை. தானே திரும்பித் தேடும் தட்டுக்களைக் கூரையிற் பூட்டும் வசதியும் பின்னர் வந்தது. விலைதான் எளியோர்க்கு எட்டாதது.

வானிலே அலை நிறைந்திருந்தும் அது எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. தொடக்கத்தில் பி.பி.சி. செய்மதியொளிபரப்பு மறைகுறியிடப்பட்டிருந்தது. ஸ்கை நிறுவனத்தின் பெட்டியும் அட்டையும் இன்றி அதைப் பார்த்தல் இயலாது. அவ்வட்டை பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மட்டும் பயன்படுத்துவதற்கென்று உடன்படிக்கை இருந்தது. 2003 யூலையில் பி.பி.சி. தன் ஒளிபரப்பிலிருந்து பூட்டை நீக்கியது. அதற்குத் துணிவு தந்தது 2000 டிசம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரா 2டி என்னும் செய்மதி. ஏனையவை ஐரோப்பா முழுவதையும் நனைக்க, இதுவோ பிரித்தானியத் தீவுகளையே குறியாகக் கொண்டு அலையைப் பொழிந்தது. வெளியூரார்க்கு அலையே எட்டாதாயின் பூட்டு எதற்கு என்பது எண்ணம்.

ஆனால் தோட்டத்துக்கு இறைத்த நீர் வேலியோடு நின்றுவிடுவதில்லை. எல்லைக்கு அப்பாலும் அலை மெலிந்து மெலிந்து கசிந்தது. மெலிந்த அலையைப் பிடிக்கப் பெரிய தட்டு வேண்டும். குறுக்களவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். வட பிரான்சில் சிறு தட்டே போதும். தெற்கே செல்லச் செல்ல ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் என்று அது வளர்ந்தது. ஸ்பெயின் கரையில் மாதக்கணக்காகத் தங்குவோர் ஆளுயரத் தட்டுக்களை நாட்டினர். இவ்வாறு பத்து ஆண்டுகள் கழிந்தன.

2014 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பி.பி.சி. அலைவரிசைகள் அஸ்ட்ரா 2ஈ என்னும் புதிய செய்மதிக்கு மாற்றப்பட்டன. அதன் பிரித்தானிய அலைக்கற்றை முன்னதிலும் ஒடுங்கியது. பிரித்தானியாவில் இருந்தோர் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை. தென் ஸ்பெயினிலோ, முதல் நாள் செய்தி காட்டிய திரை மறுநாள் "அலை இல்லை" என்று காட்டி நின்றது. தட்டைத் துடைத்தவரும், கம்பியை மாற்றியவரும், காற்றையும் மழையையும் பழித்தவரும் பலர். பிழை அவர்களுடைய தட்டில் இல்லை. விண்ணிலே வேலி சற்று உள்ளே நகர்த்தப்பட்டிருந்தது.

ஏன் இந்த வேலி? ஒரு திரைப்படத்தையோ உதைபந்தாட்டப் போட்டியையோ காட்டும் உரிமை நாடு நாடாக விற்கப்படுவதே காரணம். பிரித்தானியாவுக்குரிய உரிமையை ஒருவர் வாங்குவார். ஸ்பெயினுக்குரியதை வேறொருவர் வாங்குவார். முன்னவரின் ஒளிபரப்பு ஸ்பெயினில் இலவசமாகத் தெரியுமாயின் பின்னவர் கொடுத்த பணத்துக்குப் பொருள் குறைகிறது. பல நாடுகளுக்குச் செல்லும் உரிமையை வாங்கினால் விலை ஏறும். ஏறிய விலையைக் கட்டணம் செலுத்தும் பிரித்தானியக் குடும்பமே சுமக்க வேண்டும். இவ்வாதத்தைப் பொய்யென்று தள்ளுதல் நியாயமன்று.

ஆயினும் அதே திடலில், அடுத்த கரவனில் இருக்கும் ஜெர்மானியர் எண்பது சென்ரிமீற்றர்த் தட்டை வைத்துக்கொண்டு தம் நாட்டு ஏ.ஆர்.டி., இசட்.டி.எப். இரண்டையும் பூட்டின்றிப் பார்க்கிறார். அவரும் கட்டணம் செலுத்துபவர், ஆங்கிலேயரும் செலுத்துபவர். வேறுபாட்டுக்கு மொழியும் ஒரு காரணமாகலாம். ஜெர்மன் மொழிப் படம் ஸ்பெயினிலே சந்தையைக் கெடுக்காது. ஆங்கிலமோ உலகெங்கும் விலைபோகும் மொழி. அம்மொழிப் படத்தின் உரிமையை வாங்கியவர் ஒவ்வொரு தேசத்திலும் உளர். ஜெர்மன் மொழியே பேசும் சிறு நாடாகிய ஆஸ்திரியா, பக்கத்தே பெரிய ஜெர்மன் சந்தை இருப்பதனால், தன் ஓ.ஆர்.எப். ஒளிபரப்பைப் பூட்டி, அட்டை உள்ளவர்க்கே காட்டுகிறது. தன் மொழி உலகெலாம் பரந்ததனாலேயே தன் வீட்டுச் செய்தியை இழக்கும் ஆங்கிலேயக் கிழவரின் நிலை விசித்திரமானது.

நீதிமன்றங்களும் இவ்விஷயத்தைத் தொட்டன. போர்ட்ஸ்மவுத் நகர மதுச்சாலை ஒன்றிலே கிரேக்க நாட்டு அட்டையைக் கொண்டு உதைபந்தாட்டம் காட்டிய வழக்கில், பிறநாட்டு அட்டையை வாங்கிப் பயன்படுத்துவதைத் தேசியச் சட்டம் தடைசெய்தல் ஆகாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டமொன்று, தன் நாட்டிற் பணம் செலுத்தி இணையவழிப் படக்காட்சி பெறுபவர், தற்காலிகமாக மற்றோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லும்போதும் அதனைப் பெறலாம் என்று விதித்தது. கரவன் பயணிக்கென்றே எழுதப்பட்டதோ என எண்ணத்தக்க சட்டம்! ஆனால் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கியமையால், 2021 ஜனவரி முதல் அந்நாட்டார்க்கு அவ்வுரிமை இல்லாது போயிற்று. அன்றுமுதல் அவர்கள் விசாவின்றித் தங்கக்கூடிய காலமும் நூற்றெண்பது நாட்களுள் தொண்ணூறாகக் குறுகியது. மாரி முழுவதும் தங்கிய பழைய வழக்கத்துக்கு அதுவே பேரிடி. அதனோடு ஒப்பிடத் தொலைக்காட்சி சிறிய இழப்பே.

தட்டுக்குப் பதிலாக இணையத்தை நாடுவோர் தொகை பெருகிவிட்டது. அங்கும் வேலி உண்டு. கணினி இணையும் முகவரியைக் கொண்டு அது நிற்கும் நாட்டை அறிந்து, பி.பி.சி. தன் நிகழ்ச்சிகளை மறுத்துவிடும். புறப்படுமுன் வீட்டிலேயே கைத்தொலைபேசியிற் பதிந்துகொண்டவற்றைப் பார்க்கலாம்; அன்றன்றைய செய்தியை அவ்வாறு பதிந்து கொண்டுபோக முடியாதே. ஒரு மணி நேரக் காட்சிக்குக் கிகாபைட் கணக்கில் அளவு செலவாகும். திடலின் பொது இணைப்போ, இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒருங்கே திறந்ததும், கோடைகாலத்துக் கிணறு போல வற்றிவிடும். தட்டுக்கு அத்தொல்லை இல்லை. நூறு தட்டுக்கள் பிடித்தாலும் செய்மதியின் அலை ஒரு துளியும் குறைவதில்லை. பழைய பயணிகள் தட்டை இன்னும் கைவிடாமைக்கு இது தக்க காரணம்.

பங்குனியில் வெப்பம் திரும்பியதும் கரவன்கள் வடக்கு நோக்கும். சிலர் சந்தாந்தர் துறைமுகத்திற் கப்பலேறிப் பிஸ்கே விரிகுடாவைக் கடந்து நேரே இங்கிலாந்து சேர்வர். ஏனையோர் பிரான்சின் ஊடாக நாலைந்து நாள் வண்டி ஓட்டுவர். இரவு தங்கும் ஒவ்வொரு திடலிலும் முக்காலியை இறக்கி, தட்டைத் திருப்பி, சற்று நேரம் முயன்று பார்த்துவிட்டுப் படுக்கச் செல்வர். தெற்கே ஒன்றும் தெரியாது. லுவார் ஆற்றை அண்மிய திடல்களில் முதலிற் படம் சதுரம் சதுரமாக உடைந்து தோன்றும். குரல் விட்டுவிட்டு வரும். அடுத்த இரவு, நோர்மண்டியில், அதே சிறு தட்டிலே படம் தெளிந்து நிற்கும். அப்பொழுது அவர்கள் தேடுவது நாடகமோ விளையாட்டோ அன்று. மறுநாட் காலையிற் கால்வாயிலே காற்று எவ்வாறிருக்கும், கப்பல் ஆடுமா என்பதே.