பழந்துவக்கின் மெய்ம்மை காணல்

பழம்பொருள்களைத் தேடிப் பேணுதல் பயனுள்ள பொழுதுபோக்காகும். ஆயின், பழையன எனக் கூறப்படுவன யாவும் பழையன அல்ல. இங்கிலாந்தின் ஏலக்கூடங்களில் விலைக்கு வரும் 1853 ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிள் துவக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மெய்யும் போலியும் பிரித்தறியும் முறையை ஈண்டு விளக்குவாம்.

இது குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடித்து, கேப்பு வைத்துச் சுடப்படுவது. குழலின் நீளம் 39 அங்குலம், உள்விட்டம் 0.577 அங்குலம், உள்ளே மூன்று சுருட்பள்ளங்கள், குழலைக் கட்டையோடு பிணைப்பன மூன்று பட்டைகள். ஆதலின் வாங்குவோன் முதலிற் கைக்கொள்ள வேண்டியது அளவுகோலே. இரண்டு பட்டையும் 33 அங்குலக் குழலுமுடைய குறுந்துவக்குகளும் இருந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நீளங் காணின், குழல் பின்னர் அறுக்கப்பட்டதோ என ஐயுறல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கவை முத்திரைகள். அரச படைக்கெனச் செய்தவற்றின் விசைப்பொறித் தகட்டில் முடியும், விக்ரோறியா மகாராணியாரைக் குறிக்கும் ‘வீ. ஆர்.’ என்னும் எழுத்துக்களும், ஆண்டும் காணப்படும். அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும் துவக்கிற் பொறிக்கப்பட்டிருக்கும். முடி மட்டுமிருந்து ஏனையவை இல்லையேல் போலி என முடிவுகட்டல் தவறு. பேமிங்காம் தொழிலாளர் பிற நாட்டார்க்கும் செய்து விற்றனர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு திறத்தாரும் அவற்றை ஏந்தினர். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி பொருந்தி நிற்பின், அரசு அதனைக் கழித்து விற்றது என்பது பொருள்.

1970 களிற் பார்க்கர் ஹேல் கம்பெனியார், குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர்க்கென இம்மாதிரியைப் புதிதாகச் செய்து, புதியதென்றே விற்றனர். அத்தகைய ஒன்றின் முத்திரையை அராவிப் பழையதென விற்க முயல்வாரிடம் ஏமாறலாகாது. இயல்பான தேய்வு கைபடும் இடங்களில் மிகும். செயற்கைத் தேய்வோ எங்கும் ஒரு தன்மையாய்த் தோன்றும். திருகாணித் தலைகளையும் பட்டைகளின் உட்புறத்தையும் உற்று நோக்குக.

சுருட்பள்ளம் இல்லாமையுஞ் சிலவேளை சான்றாகும். 1857 இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமைக்குரிய காரணங்கள் பலவற்றுள், இத்துவக்கின் கொழுப்புத் தடவிய தோட்டா உடனடிக் காரணமாயிற்று. அதன்பின் ஆங்கிலேயர், சுதேசச் சிப்பாய்களுக்கெனப் பள்ளமற்ற, தூரத்திற் குறிதவறும் குழலுடைய துவக்குகளைச் செய்வித்தனர். புறத்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. குழலுள் நோக்காது, ‘தேய்ந்தது’ என அதனைத் தள்ளுவோன், ஆள்வோர் ஆளப்பட்டோர்மீது கொண்ட அவநம்பிக்கையின் சான்றினையே இழந்துவிடுகின்றான்.

ஆதலின் ஏலத்துக்கு முன்னர்ப் பார்வை நாளிற் சென்று பொருளைக் கையிலெடுத்து ஆராய்க. கொடுக்கத்தகும் உயர்விலையை வீட்டிலேயே வகுத்துக்கொள்க. சம்மட்டி விழுந்த விலையின்மேல் ஏலக்கூடத்தாரின் தரகுஞ் சேரும் என்பதை மறவற்க.

மாணவர்களே, ஏட்டுச்சுவடியாயினும் துவக்காயினும் ஆராயும் நெறி ஒன்றே: பிறர் சொல்லை மட்டும் நம்பாது பொருளையே வினவுதல் வேண்டும். நாம் எதிர்பாராத விடையை அது தரும்போது, அவ்விடையையும் பொறுமையுடன் கேட்பவனே கற்றவன்.