செம்பொன் நீரும் பிளாற்றினப் போர்வையும்

பொன் மஞ்சள் நிறமுடையது என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால், அப்பொன்னை ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுடைய துணிக்கைகளாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளைச் சாறு போலச் சிவந்து தோன்றும். 1857 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் பொன் குளோரைட்டுக் கரைசலிலிருந்து பொசுபரசின் துணைகொண்டு இத்தகைய செந்நீரை ஆக்கிக் காட்டினார். செம்மைக்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத பொற்றுகள்களே என்று அவர் துணிந்து கூறியது, இலத்திரன் நுணுக்குக்காட்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னராகும். அவர் ஆக்கிய குப்பிகள் சில இன்றும் அந்நகரில் பேணப்பட்டு வருகின்றன.

இத்துகள்களை அளக்க மில்லிமீற்றர் போதாது. அதனைப் பத்து இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறே நனோமீற்றர் எனப்படும். எனவேதான் இவற்றை நனோத் துணிக்கைகள் என்கின்றனர்.

பொன்னுக்கு அடுத்த வீட்டுக்காரர் பிளாற்றினம். மூலகங்களின் அட்டவணையில் ஒன்றன் அணுவெண் 79, மற்றதன் அணுவெண் 78. அயலவராயினும் குணத்தால் வேறுபட்டவர். பொன் எதனோடும் எளிதிற் சேராது ஒதுங்கியிருப்பது. பிளாற்றினமோ சிறந்த ஊக்கி. 1823 இல் ஜெர்மனியில் டோபரைனர் என்பவர் பிளாற்றினத் தூளின்மீது ஐதரசன் வாயுவைச் செலுத்த, அது தீக்குச்சியின்றியே பற்றி எரிந்தது. பொன்னும் முற்றிலும் சோம்பேறி அன்று என்பதை 1987 இல் ஜப்பானிய அறிஞர் ஹருத்தா நிறுவினார். நுண்டுகளாக்கிய பொன், காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவைக் கடுங்குளிரிலும் ஒட்சிசனோடு சேர்த்துவிடும் என்று அவர் காட்டினார்.

இவ்விரண்டையும் ஒரே துகளில் இணைப்பது எவ்வாறு? உலையும் துருத்தியும் இங்கு உதவா. பெருங்கட்டியாக இருக்கும்போது இவ்வுலோகங்கள் உருகிக் கலந்தாலும், ஆறும்போது பிரிந்துபோகவே முற்படுகின்றன. சில நனோமீற்றர் அளவிலோ இவை கலந்தே இருக்கவும் கூடும்.

வழக்கிலுள்ள முறை கரைசல் முறையாகும். முதலிற் பொன் குளோரைட்டுக் கரைசலைக் கொதிக்கவைத்து, அதில் சோடியம் சித்திரேற்றை இடுவர். எலுமிச்சம் பழத்தின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்பே இது. 1951 இல் அமெரிக்க அறிஞர் ரேக்கெவிச்சும் அவர்தம் குழுவினரும் விரிவாக ஆராய்ந்த வழி இதுவே. சித்திரேற்று இருவேலை செய்கின்றது: பொன் அயன்களுக்கு இலத்திரன் ஈந்து அவற்றை உலோகமாக்குகின்றது, பின் துகள்களைச் சூழ்ந்து நின்று அவை ஒன்றோடொன்று ஒட்டாமற் காக்கின்றது. இச்செந்நீரிற் பிளாற்றின உப்புக் கரைசலையும் உயிர்ச்சத்து 'சீ' எனப்படும் அஸ்கோபிக் அமிலத்தையும் மெல்ல மெல்லச் சேர்த்தால், பிளாற்றினம் பொற்கருவின்மேற் போர்வையாகப் படியும். செம்மை மங்கிக் கபிலமாகிக் கருமை படரும். முலாம் பூசப்படும் காட்சியைக் கண்ணாற் காண்பது போன்றதே இது. இரு உப்புக்களையும் ஒருங்கே இட்டாலும், இலத்திரனை எளிதில் ஏற்கும் பொன்னே முந்திக்கொள்ளும். கண்ணாடிக் கலத்தில் அழுக்குச் சிறிதிருந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். ஆதலால் கலத்தை இராசதிராவகத்தாற் கழுவுவர். மாணவர்கள் இதனை வீட்டிற் செய்து பார்க்க முற்படலாகாது.

இத்தனை பாடும் எதற்காக? ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து மின்னைத் தரும் எரிபொருட்கலம் 1839 அளவில் குரோவ் என்பவரால் கண்டறியப்பட்டது. இன்று அத்தகைய கலம் பூட்டிய மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் ஊக்கியாக உள்ள பிளாற்றினம், வண்டி நின்று நின்று செல்லுந்தோறும் மின்னழுத்தம் ஏறியிறங்குவதாற் சிறிது சிறிதாகக் கரைந்து போகின்றது. 2007 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தார் பிளாற்றினத் துகள்களின்மேல் நுண்ணிய பொற்றிரள்களைப் பதித்து, மின்னழுத்தத்தை 30,000 தடவை ஏற்றியிறக்கிப் பார்த்தனர். பொன்னற்ற பிளாற்றினம் பெரிதும் தேய்ந்தது. பொன் பதித்ததோ ஏறக்குறைய முன்போலவே இருந்தது. பொன்னின் அயலில் பிளாற்றினம் எளிதில் ஒட்சியேற்றமடையாமையே காரணம்.

சிக்கனத்துக்காகவும் பொற்கருவை வைப்பதுண்டு. உள்ளே மறைந்த பிளாற்றின அணுக்களுக்கு வேலையில்லை அன்றோ? ஆயின் 2015 முதல் பொன்னின் விலை பெரும்பாலும் பிளாற்றினத்தை விஞ்சியே நிற்பதால், இவ்வாதம் நமக்கு வலுவுடையதாகத் தோன்றவில்லை. ஆயுள் நீடிப்பதே மெய்யான ஆதாயம்.

மருத்துவத்தில் இத்துகளின் பயன் இன்னும் உருக்கமானது. கருத்தரிப்பை அறியும் சோதனைத் தாள்கள் பலவற்றிற் காணும் சிவப்புக் கோடு பரடேயின் செம்பொன்னே. ஆனால், நோய்க்குறி மிகச் சிறிதளவே இருப்பின் அக்கோடு கண்ணுக்குத் தெரியாது. எச்.ஐ.வி. வைரசு தொற்றிய முதல் வாரங்களில், குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுமுன்னரே வைரசின் பி24 என்னும் புரதம் தலைகாட்டும். அதனைக் கண்டுகொள்ளாத சோதனை, நோய் தொற்றியவரை நோயற்றவரென அனுப்பிவிடும். 2018 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் பொற்கருவும் நுண்டுளைப் பிளாற்றினப் போர்வையும் கொண்ட துகள்களைப் பயன்படுத்தினர். கோட்டில் தங்கிய ஒவ்வொரு துகளும் ஐதரசன் பேரொட்சைட்டின் உதவியால் சாயப்பொருளைக் கருக்கச் செய்ய, மங்கல் கோடும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கருங்கோடாயிற்று. சாதாரணத் தாளில் ஒரு துளியிட்டுக் காத்திருந்தாற் போதும். இங்கு சாயமும் பேரொட்சைட்டும் சேர்க்கும் மேலதிக வேலையொன்று உண்டு. பெரிய ஆய்வுகூட வசதியற்ற சிற்றூர் வைத்தியசாலைகளுக்கு அது பெருஞ்சுமையாகாது.