நீந்தினால் மட்டும் போதுமா?

தர்மபுரியின் ஆலம்பாடி மாட்டினம் அருகிவரும் நிலையில், அதன் ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியும் தேறுமா என்பது முக்கியமான கேள்வி. 37 டிகிரி நீரில் அரை நிமிடம் உருக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், பாதி விந்தணுக்களாவது முன்னோக்கி நீந்த வேண்டும். ஆனால் இது கண் மதிப்பீடு. ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இயோசின்-நைக்ரோசின் சாயம் தேவைப்படுகிறது. இறந்த அணுவின் சவ்வு சாயத்தைத் தடுக்காது, தலை இளஞ்சிவப்பாகும்; உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும். உப்புச்செறிவு குறைந்த கரைசல் இன்னும் நுட்பமானது: சவ்வு சரியாக இயங்கினால் அணு நீரை உள்வாங்கி வாலைச் சுருட்டும். செலவோ சொற்பம்.

தேறிய விந்தும் சினைபிடிக்காமல் போகிறதே என்பார்கள். உண்மைதான், பசுவின் பருவ நேரமும் சினை ஊசி போடுபவரின் கையும் குறுக்கிடும். ஆனால் இச்சோதனைகள் சினைக்கு உத்தரவாதம் தருபவை அல்ல, தேறாததைக் கழிப்பவை. உதாரணமாக, குச்சிகளைச் சேமிக்கும் குடுவையில் திரவ நைட்ரஜன் வற்றியிருந்தால், நீச்சலும் வால்சுருளலும் சேர்ந்தே சரியும்.