பார்த்தீனியப் பூண்டும் தும்மல் நோயும்

மழைக்குப்பின் வரப்புகளிலும் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் வெண்ணிறச் சிறு பூக்களுடன் அடர்ந்து வளரும் பார்த்தீனியப் பூண்டைக் குடியானவர் யாவரும் அறிவர். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இப்பூண்டு 1955-ஆம் ஆண்டையொட்டிப் புனா நகரில் காணப்பட்டுப் பின்னர் இந்தியாவெங்கும் பரவிற்று. இது விளைச்சலைக் குறைப்பதோடு நில்லாமல், இதன் மகரந்தம் காற்றில் கலந்து சிலருக்கு அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, நீரொழுக்கு, மூக்கடைப்பு ஆகியவற்றையும் விளைவிக்கின்றது. இது தொற்றும் ஜலதோஷமன்று. இது உண்டாகும் விதத்தை அறிந்தால், மருந்தை எப்போது உட்கொள்வது, பூண்டை எப்போது பிடுங்குவது என்னும் இரண்டும் விளங்கும்.

வியாதி உண்டாகும் விதம்

சிலருடைய உடலில் இம்மகரந்தத்தைப் பகையாகக் கொள்ளும் ஒருவகை எதிர்ப்பொருள் உற்பத்தியாகி, மூக்கின் உட்சவ்விலுள்ள சில உயிரணுக்களின்மீது தங்கியிருக்கும். மறுமுறை மகரந்தம் உட்புகுந்ததும், சில நிமிஷங்களுக்குள் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல், ஏற்பி எனப்படும் இடங்களிற் பொருந்தியே ஹிஸ்டமின் வேலை செய்யும்.

ஏற்பிகள் நான்கு வகைப்படும். மூக்கில் முக்கியமானது முதல்வகையாகும். நரம்பு நுனிகளிலுள்ள இவ்வேற்பியில் ஹிஸ்டமின் பொருந்தினால் அரிப்பும் தும்மலும் நீரொழுக்கும் தோன்றும்; இரத்தக் குழாய்களிற் பொருந்தினால் நீர் கசிந்து சவ்வு வீங்கும். இரண்டாம் வகை இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்வது. ஆதலால், அவ்வகையைத் தடுக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரை தும்மலுக்கு உதவாது.

மருந்தின் வேலை

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தை 1937-இல் பிரான்சு தேசத்தில் டானியல் போவே என்பவர் முதன்முதற் கண்டறிந்தார். அவருக்கு 1957-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இம்மருந்துகள் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. அது பொருந்தவேண்டிய இடத்தைத் தாம் பற்றிக்கொள்கின்றன. ஆகவே, தும்மல் மிகுந்தபின் உட்கொள்வதைவிட, வயலுக்குச் செல்லுமுன் உட்கொள்வதே அதிகப் பயனளிக்கும்.

மூளையில் முதல்வகை ஏற்பி விழிப்பைக் காக்கின்றது. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளையினுட் புகுவதால் தூக்கத்தை உண்டாக்கும். அவற்றை உட்கொண்டவர் டிராக்டர் ஓட்டுவதும், கதிரடிக்கும் யந்திரத்தருகே நிற்பதும் அபாயகரம். லோரட்டடின் முதலிய பிற்கால மருந்துகளில் இத்தீங்கு மிகக் குறைவு. மூக்கடைப்பிற்கு வேறு பொருள்களும் காரணமாதலின், அடைப்பு இம்மருந்துகளால் முற்றும் நீங்காது. அடைப்பு நீடித்தாலும், மூச்சிரைப்புக் கண்டாலும், தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும்.

பூண்டை ஒழித்தல்

மருந்து பூட்டை அடைக்குமேயன்றி மகரந்தத்தை நிறுத்தாது. பூண்டு முளைத்துச் சுமார் ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். செழித்த செடியொன்று 10,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். ஆதலால், பூக்குமுன், நிலம் ஈரமாயிருக்கும்போது, வேருடன் பிடுங்கவேண்டும். தோலிலும் அரிப்பும் புண்ணும் உண்டாக்குமாதலால், கையுறையணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் அவசியம். தும்மல் நோயுள்ளவரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது.

ஒருவர் தம் நிலத்தை மட்டும் துப்புரவு செய்வதாற் பயனில்லை. மகரந்தத்திற்கு வரப்பும் எல்லையும் கிடையா. புறம்போக்குகள், வாய்க்காற் கரைகள், பள்ளிக்கூடத் திடல்கள் ஆகியவற்றைக் கிராம அதிகாரிகளும், பட்டா நிலங்களை உரியவர்களும், மழை பெய்த சில வாரங்களுக்குள் ஒரே சமயத்தில் சுத்தம் செய்வராயின், பயிரும் பிழைக்கும்; உழைப்போர் மூச்சும் தடையின்றி ஓடும்.