புது வண்டிக் கண்ணாடியில் குறை: யார் காசில் மாற்றுவது?

புது வண்டி டெலிவரி எடுக்கப் போனால் பெயின்ட்டில் கீறல் இருக்கா, டயர் புதுசா, ஓடோமீட்டர் எத்தனை காட்டுது என்றெல்லாம் பார்ப்போம். கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்போமே தவிர, கண்ணாடியைப் பார்க்க மாட்டோம். நாலு நாள் ஓட்டின பிறகுதான் ஒரு கோணத்தில் ரோட்டின் வெள்ளைக்கோடு நெளிகிற மாதிரி தெரியும். ஷோரூமில் சொன்னால் "எல்லா வண்டிலயும் அப்படித்தான் சார்" என்று பதில் வரும்.

அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், முதல் கேள்வி இது பக்கா, ஃபீச்சரா என்பதுதான். கண்ணாடியில் நாம் பார்ப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். கண்ணாடியின் இயல்பு, தயாரிப்புக் குறை, அல்லது வெளியிலிருந்து வந்த சேதம். இயல்பு என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. குறை என்றால் கம்பெனி மாற்ற வேண்டும். சேதம் என்றால் நம் காசு, அல்லது நம் இன்ஷூரன்ஸ்.

காரில் இருப்பது இரண்டு வகைக் கண்ணாடி

முன் கண்ணாடி லேமினேட்டட். இரண்டு தகடுகள், நடுவில் பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 1903-ல் பிரெஞ்சு வேதியியலாளர் எத்வார் பெனடிக்டஸின் கையிலிருந்து ஒரு குடுவை விழுந்து, விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததிலிருந்து பிறந்த யோசனை. உள்ளே காய்ந்துபோய் ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் காரணம்.

பக்கவாட்டுக் கண்ணாடிகளும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்டு. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று ஆற வைப்பார்கள். மேல்தோல் இறுகிவிடும், உள்பகுதி இழுவையில் இருக்கும். அதனால்தான் உறுதி அதிகம், உடைந்தால் கற்கண்டு மாதிரிப் பொடியாகும். இதை வெட்டவோ துளை போடவோ முடியாது. ஆழமான கீறலைத் தேய்த்துச் சரிசெய்வதும் நடக்காது. ரெசின் விட்டு அடைக்கிற வேலையெல்லாம் லேமினேட்டட் கண்ணாடிக்கு மட்டும்தான்.

எது எது?

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் பின் கண்ணாடியில் வரிசையாகப் புள்ளிகளோ பட்டைகளோ தெரிகிறதா? அது காற்று பீய்ச்சின இடங்களின் தடம். அந்தந்த இடத்தில் இறுக்கம் வேறுபடுவதால் ஒளி வேறு மாதிரி வருகிறது. இயல்புதான், விட்டுவிடுங்கள்.

முன் கண்ணாடியின் ஓரத்தில் பால் மாதிரி வெள்ளைப் படர்வு, நடுப்படலத்துக்குள் காற்றுக்குமிழி, இரண்டு தகடுக்கும் நடுவே தூசி அல்லது முடி. இவை தயாரிப்புக் குறைகள். துடைத்தால் உள்ளேயும் போகாது, வெளியேயும் போகாது என்பதுதான் அடையாளம்.

நெளிவு கொஞ்சம் சிக்கல். வளைந்த கண்ணாடியில் ஓரங்களில் சிறிது நெளிவு தவிர்க்க முடியாதது. ஆனால் அதற்கு அளவு இருக்கிறது. ஐ.நா.வின் வாகனக் கண்ணாடி விதி எண் 43, முன் கண்ணாடியை மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஓட்டுநரின் நேர்ப் பார்வை விழும் 'ஏ' மண்டலத்தில் ஒளித்திரிபு 2 ஆர்க் நிமிடத்துக்குள், அதைச் சுற்றியுள்ள 'பி' மண்டலத்தில் 6 ஆர்க் நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் வாகனக் கண்ணாடிக்கான தரநிலை ஐ.எஸ். 2553, பகுதி 2.

வீட்டில் ஆர்க் நிமிடம் அளக்க முடியாது. ஆனால் ஜன்னல் கம்பியோ கட்டம் போட்ட கேட்டோ முன்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து தலையை மெதுவாக இடவலமாக அசைத்துப் பாருங்கள். நேர்க்கோடு எந்த இடத்தில் வளைகிறது என்று பளிச்சென்று தெரியும். அது நேர்ப் பார்வையில் விழுந்தால் விடக் கூடாது.

விரிசல் என்றால் பால்பாயின்ட் பேனா முனையை விரிசல் மேல் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது சின்னப் பள்ளத்தில் முனை சிக்கினால் கல் பட்டது, அதாவது சேதம். பள்ளமே இல்லாமல் ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் பொருத்தியதில் வந்த அழுத்தமோ கண்ணாடியின் குறையோ என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

கதவுக் கண்ணாடியில் செங்குத்துக் கீறல்கள் இருந்தால், ஏற்றி இறக்கும்போது உரசும் ரப்பர் பீடிங்கில் மணல் சிக்கியிருக்கும். கண்ணாடியை மட்டும் மாற்றினால் புதுசிலும் அதே கோடு விழும்.

கண்ணாடியே சாட்சி

ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் முத்திரை இருக்கும். தயாரித்தவர் பெயர், தரநிலை, வருடத்தின் கடைசி எண், மாதத்தைக் குறிக்கும் புள்ளிகள். புள்ளிக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் கணக்குப் போடவே தேவையில்லை. எல்லாக் கண்ணாடிகளின் முத்திரையையும் ஒப்பிட்டால் போதும். ஒன்று மட்டும் வேறு கம்பெனியாக இருந்தாலோ, வண்டி தயாரான தேதிக்குப் பிந்தியதாக இருந்தாலோ, நமக்கு வருமுன்பே அது மாற்றப்பட்டிருக்கலாம். ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

"கல் பட்டதுன்னு எழுதிடலாம் சார்"

என் வண்டியின் முன் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கம் நெளிவு இருந்தது. அதே மாடலில் ஷோரூமில் நின்ற இரண்டு வண்டிகளில் என்னோடு சேர்த்து சர்வீஸ் அட்வைசரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். அவற்றில் இல்லை. "எல்லா வண்டிலயும்" வாதம் அங்கேயே முடிந்தது. அடுத்து வந்த யோசனைதான் இந்தத் தலைப்பு. இன்ஷூரன்ஸில் போட்டால் ரெண்டே நாளில் வேலை முடியுமாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கும், ஏனென்றால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆனால் மோட்டார் பாலிசி விபத்துக்குத்தான், தயாரிப்புக் குறைக்கு அல்ல. படாத கல்லைப் பட்டதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது நாம், அட்வைசர் இல்லை. முதல் வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் கிடைக்கும் 20% போனஸும் போகும். எல்லாவற்றுக்கும் மேல், குறை இருந்ததற்கான பதிவே எங்கும் இருக்காது. நான் ஜாப் கார்டில் "முன் கண்ணாடியில் ஒளித்திரிபு, ஓட்டுநர் பக்கம்" என்று எழுதச் சொல்லி, போட்டோவோடு ஈமெயிலும் அனுப்பினேன். வாரன்டியில் மாற்றித் தந்தார்கள், மூன்று வாரம் ஆச்சு.

அதற்காக எல்லாக் குறைக்கும் மாற்றச் சொல்லாதீர்கள். முன் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. அறுத்தெடுக்கும்போது சட்டத்தின் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பின்னாளில் துரு வரும். கேமரா உள்ள வண்டியில் அதை மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும். பார்வையை மறைக்காத மூலையில் ஒரு சின்னக் குமிழி என்றால், எழுத்தில் பதிந்துவைத்துவிட்டு, பரவுகிறதா என்று கவனிப்பதே புத்திசாலித்தனம்.

மறுத்தால்? கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி 2 வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருள் என்றால் அங்கேயே வழக்குப் போடலாம்.

கண்ணாடியைப் பார்க்கச் சரியான நேரம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில். அப்போது வேறு வண்டியே கேட்கலாம். தவறினால் முதல் வாரத்துக்குள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எந்தக் குறையைக் காட்டினாலும் "கல் பட்டிருக்கும் சார்" என்பார்கள், இல்லை என்று நிரூபிப்பது நம் தலையில் விழும்.