கேளாமல் போன கடைசிப் பாட்டு

தலைநகரில் கல்லூரி நாள்களைக் கழித்தவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு விரைவிலேயே இசை நிகழ்ச்சிகளின் பக்கம் திரும்பிவிடும். எந்தக் குளிர்காலம், எந்தப் புல்வெளி, எந்த இசைக்குழு என்று ஆண் நண்பர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். எந்தப் பாட்டோடு முடித்தார்கள், அதற்குப் பிறகும் கலைய மறுத்த கூட்டம் எத்தனை முறை குரல் எழுப்பியது என்பதுவரை அவர்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு நினைவிருப்பது முதல் பாதி மட்டுமே. நாங்கள் தங்கியிருந்த மாணவியர் விடுதியின் இரும்புக் கதவு இரவு எட்டு மணிக்குச் சாத்தப்பட்டுவிடும்.

1996-ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வரலாறு படிக்கச் சேர்ந்தேன். அப்போது நகரில் மெட்ரோ ரயில் இல்லை. பல்கலைக்கழக நிலையம் திறக்கப்பட்டது 2004 டிசம்பரில்தான். வடக்கு வளாகத்திலிருந்து மண்டி ஹவுஸ் வட்டச் சாலைக்குப் போக வேண்டுமென்றால் பேருந்துதான் கதி. தேசிய நாடகப் பள்ளி, கமானி அரங்கம், ஸ்ரீராம் மையம், திரிவேணி கலா சங்கமம் எல்லாம் அந்த வட்டத்தைச் சுற்றியே இருப்பதால், நல்ல நிகழ்ச்சி எதுவானாலும் அங்குதான் போயாக வேண்டும். ‘புளூலைன்’ தனியார் பேருந்தில் திரும்பி வருவதற்கு நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். எனவே எட்டு மணிக் கதவு என்பது எங்களுக்கு உண்மையில் ஆறே முக்கால் மணிக் கதவு. குளிர்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆறு மணிக்குத்தான் தொடங்கும்.

அந்த ஆண்டுகளில் தில்லி மாணவர்களின் இசை என்றால் முதலில் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். 1991-இல் தொடங்கிய ‘பரிக்ரமா’ ஆங்கிலத்தில் ராக் பாடியது; கல்லூரி விழாக்களில் அதற்கே கூட்டம் அதிகம். 1990-இல் தோன்றிய ‘இந்தியன் ஓஷன்’ வேறு வகை. சுஷ்மித் சென்னின் கிதாரும் அசீம் சக்ரவர்த்தியின் தபலாவும் குரலும் அதன் அடித்தளம். பாஸ் கிதார் வாசித்த ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியவர். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அவர் கொண்டுவந்த நதிப் பாட்டும், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் தொன்மையான துதிப்பாடலும் பின்னர் 2000-இல் வெளிவந்த ‘கண்டிசா’ தொகுப்பில் ஒன்றாக இடம்பெற்றன. அணைக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்று வகுப்பறையில் வாதிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அதே கேள்வி தாளத்தோடு வந்தது புதுமையாக இருந்தது. சிலர் அதை வெறும் நவநாகரிகம் என்று கேலி செய்ததும் உண்டு.

1997 டிசம்பரில் மண்டி ஹவுஸ் பகுதியில் ‘சஹ்மத்’ அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் இந்தியன் ஓஷன் வாசித்தது. சஹ்மத் என்பது நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக 1989-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்: அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, தில்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் தாக்கப்பட்டார்; மறுநாள் உயிரிழந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4-ஆம் தேதி ஹாஷ்மியின் மனைவி மலயஸ்ரீ அதே இடத்துக்குக் குழுவினருடன் திரும்பிச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். மண்டி ஹவுஸ் சாலைகளுள் ஒன்று இன்று ஹாஷ்மியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நுழைவுச்சீட்டு கிடையாது. நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். வறுத்த வேர்க்கடலை விற்பவர் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறினார். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, சவாரி கேட்டவர்களையெல்லாம் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் அறையிலிருந்து நால்வர் போயிருந்தோம். கிதார் தனியே தொடங்கி, தபலா மெல்ல வந்து சேர்ந்து, அசீமின் குரல் மேலே எழும்பிய வேளையில் தோழி என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். பேருந்து நிறுத்தம் வரை ஓடினோம். முதுகுக்குப் பின்னால் பாட்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவே ‘டெசர்ட் ரெய்ன்’ என்ற பெயரில் ஒலிநாடாவாக வெளிவந்தது. சில மாதங்கள் கழித்து, விடுதி அறையில் கடன் வாங்கிய டேப் ரிக்கார்டரில் அதைப் போட்டுக் கேட்டோம். கூட்டத்தின் ஆரவாரம் பதிவாகியிருந்தது. அதில் எங்கள் கைதட்டல் எதுவரை என்று கண்டுபிடிக்க முயன்று சிரித்தோம். பிறகு ஒருத்தி, "மிச்சத்தை நாமே ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று" என்றாள். 2009 டிசம்பரில் அசீம் சக்ரவர்த்தி காலமான செய்தி வந்த நாளில் அவள் தொலைபேசியில் அதையேதான் மீண்டும் சொன்னாள்.

முழுமையாகக் கேட்ட நிகழ்ச்சி ஒன்றே ஒன்று உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் தொடங்கிய ‘ஸ்பிக் மேக்கே’ இயக்கம், மாணவர்களுக்காகக் கட்டணமின்றி நடத்திய விடியவிடியக் கச்சேரி அது. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு முடியும் கச்சேரிக்குப் போக எங்களுக்கு வழியில்லை. காலை ஆறு மணிக்கு முடியும் கச்சேரிக்குப் போகலாம். உள்ளூர்ப் பாதுகாவலரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் ஓர் இரவு வெளியே தங்க அனுமதி உண்டு. விடிந்தால் கதவு திறந்துவிடும். தோழியின் மாமா கையெழுத்திட்டார். அவர் வீட்டில் தங்குவதாகத்தான் கடிதம் சொன்னது. நள்ளிரவு ராகங்கள் கடந்து, தூக்கத்தோடு போராடி, விடியல் வேளையில் பைரவ் ராகம் எழுந்தபோது நாங்கள் விழித்திருந்தோம். கலைஞர் எழுந்து வணங்கும்வரை அவையில் இருந்தது அன்றுதான் முதல் முறை.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்து அவ்வாறு இரவெல்லாம் பாடுவது இன்று இயலாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குகளுக்கு மட்டும் விலக்கு. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. இவ்விதிகளை வலுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. இசை ரசிகர்கள் பலர் அப்போது குறைபட்டுக்கொண்டார்கள், நானும்தான். பிறகு தீர்ப்பைப் படித்தபோது வாயடைத்துப் போனேன். வழக்குக்குத் தூண்டுதலாக இருந்தது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய செய்தி. அக்கம்பக்கத்து ஒலிபெருக்கியின் இசை இரைச்சலில் அவளது கூக்குரல் யார் காதிலும் விழவில்லை. பின்னர் அவள் தீக்குளித்து இறந்தாள்.

ஆகவே பாதுகாப்பு என்ற சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்தப் பாதுகாப்புக்கான விலையை யார் செலுத்துவது என்பதுதான் வழக்கு. ஆண்கள் விடுதியில் இரவு முழுவதும் போவோரும் வருவோருமாக இருக்க, பூட்டு எங்கள் கதவில் தொங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதிகளில் விதிக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டே தில்லி மாணவியர் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று முழங்கித் தெருவில் இறங்கினார்கள். கூண்டை உடை என்பது அதன் பொருள். விதி வந்துவிட்டது. பூட்டுகள் அவ்வளவு விரைவில் கழன்றுவிடவில்லை.

இதனிடையே, இசை மாணவியரின் சொந்த வளாகத்துக்கே வந்தபோது நேர்ந்தது என்ன? 2020 பிப்ரவரியில் கார்கி கல்லூரி ஆண்டு விழாவின்போது வெளியாட்கள் கும்பலாகப் புகுந்து மாணவியரிடம் அத்துமீறினார்கள். 2023 மார்ச்சில் இந்திரப்பிரஸ்தா மகளிர் கல்லூரி விழாவில் மதிலேறிக் குதித்தார்கள். ஒவ்வொரு முறையும் உடனடி விவாதம் விழாவைக் குறைப்பது, மதிலை உயர்த்துவது, வெளியாரை முன்பதிவு செய்ய வைப்பது பற்றியே நடந்தது. அவற்றுள் சில அவசியமானவையே. ஆனால், மதிலேறிக் குதித்தவனின் விடுதிக்கு இரவு எத்தனை மணிக்குப் பூட்டு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடந்த குளிர்காலத்தில் மண்டி ஹவுஸ் அருகே ஒரு மாலை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். மெட்ரோ வாயிலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பாட்டு நடந்துகொண்டிருக்கையிலேயே எனக்கு முன்வரிசையிலிருந்து மூன்று பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு குனிந்தபடி வெளியேறினார்கள். பின்னாலேயே போய், விடுதியா என்று கேட்டேன். "ஆமாம் ஆன்ட்டி, ஒன்பதரைக்குக் கதவு" என்றாள் ஒருத்தி, நடையை நிறுத்தாமலே. எங்கள் காலத்தில் எட்டு. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒன்றரை மணி நேரம்தான் கூடியிருக்கிறது. அதற்குள் அவர்கள் நிலையத்தின் படிகளில் இறங்கிவிட்டிருந்தார்கள்.